நாற்பது நிமிட அமெரிக்கா

இந்தக் கதையில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வான் வண்டியில் போன நாலு பேரில் சைவர் இருவர், கத்தோலிக்கர் ஒருவர், முஸ்லிம் ஒருவர் என்பதால் சத்தியத்தையும் மூன்று விதமாகச் செய்ய வேண்டியதாயிற்று. கத்தோலிக்கர் பைபிளில் கை வைத்தார். முஸ்லிம் வல்லாஹி என்றார். சைவர்கள் இருவரும் கற்பூரம் கொளுத்தினார்கள். உடனே அப்பாட்மென்றின் புகை அலாரம் அடித்து, பதினாலு மாடிச் சனமும் குளிருக்குள் இறங்கி நிற்க, தீயணைப்பு வண்டி மூன்று வந்தது. அந்த மூன்று வண்டியும் இந்தக் கதைக்குச் சாட்சி. இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவர்கள் பிறவியிலேயே சந்தேகக்காரர்கள்.

1994ஆம் ஆண்டு, செப்டெம்பர் மாதம். இரத்தினவேலுக்கு நாற்பத்தொரு வயது. மோர்னிங்சைட்டில், அந்தப் பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சி மாடியில் ஒரு அறையில் இருந்தார். ரொறன்ரோவுக்கு வந்து அகதிக் கோரிக்கை கொடுத்து இரண்டு வருடம் கழித்து, ஒருவழியாக ஹியரிங் என்கிற விசாரணைக்குத் திகதி வந்திருந்தது. பதின்மூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. அவருடைய மனைவி பேபியும் ஒன்பது வயது மகள் நிலாணியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். கிழமைக்கு இரண்டு தரம் பொலீஸ் வந்து அந்த லொட்ஜில் இருக்கிறவர்களை வரிசையில் நிறுத்தி எண்ணும். கோரிக்கையை ஏற்றுக்கொண்டால் இருவரையும் கூப்பிடலாம். ஏற்காவிட்டால் என்ன என்பதை பேபியும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. "ஒரு பிழையும் விட்டிடாதேங்கோ அப்பா" என்று மட்டும் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பின் முடிவிலும் பேபி சொல்லுவார்.

லோயர் மூன்று கட்டளை கொடுத்திருந்தார். ஒன்று, உண்மையைச் சொல்லு. இரண்டு, தந்த காகிதத்தைத் தொலைக்காதே. மூன்று, ஹியரிங் முடியும்வரை கனடாவை விட்டு ஒரு காலடி வெளியே வைக்காதே, வைத்தால் கோரிக்கை செத்தது.

மூன்றாவது கட்டளையை இரத்தினவேல் எவ்வளவு கவனமாகப் பிடித்தார் என்றால், ஒருமுறை கோயில்காரர் நயாகராவுக்கு பஸ் விட்டபோது அவர் நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். அமெரிக்கா அக்கரை, அந்தத் தூவானம் மேலே பட்டால் கோரிக்கைக்குப் பழுது என்று பளீர் வெயிலில் குடை பிடித்தார். வீட்டுக் கட்டிலைக்கூட தெற்குப் பக்கச் சுவரிலிருந்து தள்ளித்தான் போட்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் ஹியரிங்குக்கு இரண்டு நாள் முன்னர், ஞாயிற்றுக்கிழமை காலையில், அருள்நாயகம் மாஸ்ரர் வந்து கூப்பிட்டார்.

மாஸ்ரர் அதே கட்டடத்தில் ஏழாம் மாடி. ஊரில் முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவர். எந்தப் பயணத்துக்கும் வரைபடம் கொண்டுபோக மாட்டார். அது தொழில் தெரியாதவன் செய்கிற வேலை என்பார்.

"வீட்டில இருந்தா நீர் சீலிங்கைப் பார்த்துப் பார்த்தே விசராப் போவீர். வெளிக்கிடும். ஒரு கோட்டை பார்த்திட்டு வருவம்."

"எங்கை மாஸ்ரர்?"

"கிளென்ஓரன். ஏரிக்கரையில பழைய ஊர். மூண்டு மணித்தியால ஓட்டம்."

"கனடாவுக்குள்ளதானே?"

"ஊர் கனடாவுக்குள்ளதான் காணும்."

அவர் 'ஊர்' என்றுதான் சொன்னார், கோட்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது இரத்தினவேலுக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் அவர் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு துவாய், ஒரு சவர்க்காரம், சிவப்பும் பச்சையுமாகப் பெரிய கட்டம் போட்ட ஒரு பளையகாட் சாறம், அதாவது கைலி. ஏரி என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் சாறத்தைக் கட்டிக்கொண்டு ஒரு முழுக்குப் போடாமல் வருவது எங்கள் ஆட்களால் முடியாத காரியம்.

வான் முஹம்மது நானாவுடையது. அவர் அஜின்கோர்ட்டில் இறைச்சிக்கடை வைத்திருந்தார். வானில் வார நாட்களில் ஆடு போகும், ஞாயிறுகளில் ஆட்கள் போவார்கள். பின் சீற்றில் வேரோனிக்கா அன்ரி, மடியில் ஒரு பெரிய பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ். அன்ரி யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து வருடம் ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவர். அவருடைய இங்கிலீசுக்கு வெள்ளைக்காரரே எழும்பி நிற்பார்கள்.

"நானா, தைரியமாச் சாப்பிடலாம். உங்கட கடை இறைச்சிதான்."

"அதுதான் அன்ரி எனக்குப் பயம். சனிக்கிழமை மிஞ்சினதைத்தான் நீங்கள் பேரம் பேசி வாங்கிப் போனீங்கள்."

கிளென்ஓரன் சின்ன ஊர். ஒரு தெரு, இரண்டு தேவாலயம், ஒரு படகுத்துறை. துறைக்கு நேரே ஏரிக்குள் ஒரு தீவு. தீவு முழுவதையும் நிறைத்துக்கொண்டு கறுப்புக் கல்லுக் கோட்டை. அன்று தூறலும் பனிப்புகாரும். கோட்டை பாதி தெரிந்தது, மீதியை ஏரி விழுங்கியிருந்தது. இவ்வளவு கறுப்பாக ஒரு கட்டடம் நல்லதுக்கு நிற்காது என்று இரத்தினவேலின் மனம் சொன்னது.

தெருவில் பெயர்ப்பலகை எல்லாம் இரண்டு மொழியில் இருந்தன. மேலே இங்கிலீஸ். கீழே இருபது எழுத்து எழுதி நாலு எழுத்தை மட்டும் வாசிக்கிற ஏதோ ஒரு மொழி. படகுத்துறையில் இருபது பேர் கூடி நின்றார்கள். ஆண்கள் எல்லாருக்கும் இடுப்பில் கட்டம் போட்ட துணி, முழங்காலோடு நின்றது. நாலு பேரின் கக்கத்தில் ஊதுகிற பைகள்.

"நான் உந்தக் கோலத்தில வாசலுக்கு வந்தாலே மனிசி ஏசும்" என்றார் முஹம்மது நானா.

கூட்டத்தில் மூத்தவர், எண்பது வயது, சிவந்த முகம், வெள்ளை மீசை. தானாகவே வந்து கை கொடுத்தார். பெயர் அலெக்ஸாண்டர்.

"அலெக்ஸாண்டரோ? எங்கட பாசையூரிலயும் ஒரு அலெக்ஸாண்டர் இருந்தவர். மீசையும் இதே மீசை" என்று தமிழில் மற்ற மூவருக்கும் சொல்லிவிட்டு, அன்ரி அவரோடு இங்கிலீசில் இறங்கினார். அவர் சொல்லச் சொல்ல அன்ரி மொழிபெயர்த்தார்.

இவர்கள் ஸ்கொட்லாந்து மலைநாட்டுச் சனம். மொழி கேலிக். இருநூறு வருடத்துக்கு முன்னர், நிலச்சொந்தக்காரர்கள் ஆடு வளர்க்க இடம் வேண்டுமென்று இவர்களுடைய பாட்டன்மாரின் வீடுகளைக் கொளுத்திக் கலைத்துவிட்டார்கள். கப்பலேறி வந்து இந்தக் கரையில் காடு வெட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் தங்கள் மொழி பேசினால் பிரம்படி. இன்றைக்கு இந்த ஊரில் அந்த மொழி பேசக்கூடியவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் கோபம், ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

"ஆட்டுக்காக ஆளைக் கலைச்சவங்களோ? ஆட்டை என்னட்டை அனுப்பியிருக்கலாமே" என்றார் நானா. பிறகு அவருடைய குரல் மாறியது. "வீடு காலி பண்ண இவையளுக்கு எவ்வளவு நேரம் குடுத்தவங்களாம், கேளுங்கோ அன்ரி. தொண்ணூறில எங்கட சனம் முழுக்க யாழ்ப்பாணத்தை விட்டுப் போகோணுமெண்டு என்ரை உம்மாவுக்கு ரெண்டு மணித்தியாலம் தந்தவங்கள்."

அந்த இரண்டு மணித்தியாலத்தைக் கொடுத்தது எந்த இயக்கம் என்று நாலு பேருக்கும் தெரியும். அன்ரி அதை மொழிபெயர்க்கவில்லை. பிறகு அன்ரி பெட்டியைத் திறந்து, முதல் ரோலை எடுத்து நானாவின் கையில் வைத்தார்.

வருடத்துக்கு ஒருநாள் இந்தச் சனம் கோட்டைக்குப் போய்ப் பை ஊதுவது வழக்கமாம். இன்றைக்குத்தான் அந்த நாள். எல்லாருக்கும் ஒரே படகு. மாஸ்ரர் போய் நாலு ரிக்கற் வாங்கினார், நீல மட்டைத் துண்டுகள். தொலைத்துவிடுவார்கள் என்று நாலையும் அன்ரி பறித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

படகு புறப்பட்டுக் கால்மணி நேரம் இருக்கும். இரத்தினவேல் ஒரு ரோலைக் கடித்த நேரம் மாஸ்ரர் எழும்பி நின்று, வகுப்பில் நிற்பதுபோலக் கையை நீட்டினார்.

"உந்தச் சிவப்பு மிதவை தெரியுதே? எல்லாரும் கனடாவுக்குக் கை காட்டுங்கோ. இப்ப நாங்கள் அமெரிக்காவுக்குள்ள வந்திட்டம்."

ரோல் இரத்தினவேலின் வாயில் அப்படியே நின்றது.

"மாஸ்ரர், பகிடிதானே?"

"புவியியலில நான் பகிடி விடுறதில்லை. எல்லைக்கோடு ஏரி நடுவால போகுது. தீவு நடுவுக்கு அங்கால. கோட்டை நிக்கிறது அமெரிக்க மண்ணில."

"மாஸ்ரர்... நாளையிண்டைக்கு என்ரை ஹியரிங்."

மாஸ்ரரின் நீட்டிய கை மெல்லக் கீழே வந்தது. "அட கோதாரி" என்றார். "அதை நான் யோசிக்கேல்லை."

"உமக்கு மண்டை முழுக்க வரைபடம் மாஸ்ரர், மூளை வைக்க இடமில்லை" என்றார் அன்ரி.

"படகைத் திருப்பச் சொல்லுவமோ?" என்றார் நானா.

"ஏனெண்டு கேப்பான். கேட்டா என்னத்தைச் சொல்லுறது? இஞ்சை ஒரு களவாளி இருக்கிறான் எண்டோ?" என்றார் மாஸ்ரர்.

இரத்தினவேலின் காதுக்குள் ஏரி இரைந்தது. அவருடைய கண்ணுக்கு முன் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வந்து நின்றது. நீளமான மேசை, அதன் அந்தப் பக்கத்தில் ஒரு முகம், அந்த முகம் கேட்கிறது: கனடாவை விட்டு எப்போதாவது வெளியே போனீரா? அதற்குப் பின்னால் வெள்ளவத்தை லொட்ஜின் வரிசை. நிலாணி இந்தச் சித்திரையில்தான் தாயின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பெரிய பிள்ளை என்று பொலீஸ் பிடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது? ஒரு பிழையும் விட்டிடாதேங்கோ அப்பா.

காலடி வைத்தால்தானே குற்றம்? அவர் பையைத் தூக்கிக்கொண்டு படகின் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டார். படகு கனடாப் படகு. தரையும் கனடாத் தரைதான். ஆனாலும் அடியில் ஓடுவது அமெரிக்கத் தண்ணீர் என்ற நினைப்பில் இரண்டு காலையும் தூக்கிக் கதவில் ஊன்றிக்கொண்டு கழிப்பறைத் தொட்டியின்மேல் குந்தியிருந்தார். இப்படியே போய் இப்படியே வந்துவிடலாம்.

படகு தீவின் துறையில் மோதியது. இரத்தினவேல் உருண்டார். எழும்பிப் பார்த்தபோது காற்சட்டை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நனைந்திருந்தது. அது தொட்டித் தண்ணீரா வேறு எதுவுமா என்று அன்ரி அடுத்த நாலு வருடமும் கேட்டார். மாற்றுவதற்குப் பையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். சாறத்தைக் கட்டினார். ஈரக் காற்சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

கதவில் படபடவென்று தட்டு. படகுக்காரன். வெளியே அன்ரியின் குரல் கேட்டது: "தம்பி, எல்லாரும் இறங்கோணுமாம். படகு திரும்பிப் போய் அடுத்த ஆக்களை ஏத்தி வருமாம். நாப்பது நிமிசம். நீர் திறக்காட்டிக் கதவைக் கழட்டப் போறான்."

இரத்தினவேல் கதவைத் திறந்தார். பெனியனுக்கு மேல் ஜாக்கெற், கீழே சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட சாறம், முகத்தில் ஒரு துளி இரத்தம் இல்லை.

வெளியே கேலிக் சனம் வரிசையாக இறங்க ஆயத்தமாக நின்றது. அலெக்ஸாண்டர் திரும்பி இரத்தினவேலைப் பார்த்தார். அவருடைய பார்வை கீழே போனது, கட்டங்களை எண்ணியது, மேலே வந்தது. கிழவருடைய கண் கலங்கிவிட்டது. தங்கள் நாளுக்கு மரியாதை செய்வதற்காக இந்த மனிதர் எங்கிருந்தோ இப்படி உடுத்து வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். இரத்தினவேலின் தோளைப் பிடித்து வரிசையின் நடுவில் நிறுத்தி, இரண்டு கையிலும் ஓட்ஸ் ரொட்டி அடுக்கிய பெரிய தட்டம் ஒன்றைக் கொடுத்தார். கையும் போனது. இனி ஓடவும் முடியாது.

நாலு பையும் ஒரே நேரத்தில் அலறின. வரிசை நகர்ந்தது.

துறைப்பலகையின் முடிவில் ஒரு அதிகாரி நின்றான். ஆறடி உயரம். அகல விளிம்புத் தொப்பி, மார்பில் பட்டயம், இடுப்பில் ஏதோ கறுப்பாகத் தொங்கியது. முன்னால் இறங்கிய உல்லாசப் பயணிகள் ஒவ்வொருவரும் நீலமாகச் சின்னதாக ஏதோ எடுத்து நீட்ட, அவன் பார்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். பாஸ்போர்ட். இரத்தினவேல் தலையைத் தூக்கிக் கோட்டை உச்சியைப் பார்த்தார். மழையில் நனைந்த கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. சிவப்பும் வெள்ளையும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அதிகாரிக்கு நாலடி தூரம் வந்தபோது தட்டத்தில் ரொட்டிகள் கடகடவென்று ஆடின. அதிகாரி வரிசையைப் பார்த்தான். தட்டத்தைப் பார்த்தான். சாறத்தைப் பார்த்தான். பிறகு விறைத்து நின்று, தொப்பியில் கை வைத்து ஒரு சலூட் அடித்தான்.

இரத்தினவேலின் வலது கால் பலகையிலிருந்து மண்ணில் இறங்கியது. மனிதர் அந்த இடத்திலேயே வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார். முருகனுக்கும் விசா வேண்டுமே என்ற யோசனை அடுத்த அடியில் வந்தது.

கோட்டைக்குள் ஈரமும் இருட்டும். சுவர் முழுக்கச் செத்துப்போனவர்களின் படங்கள், எல்லாக் கண்ணும் இரத்தினவேல் போகிற பக்கமே திரும்பின. அவர் முற்றத்தின் ஒரு மூலையைப் பிடித்து, தட்டத்தை இறக்கி வைத்தார். ஈரக் காற்சட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையை நிலத்தில் விரித்து அதன்மேல் ஏறி நின்றார்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் நானா.

"பை ஸ்காபரோவில வாங்கினது நானா. இது கனடா."

நானா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லும்" என்று சொல்லி, தானும் ஒரு காலைப் பையில் வைத்தார். அவர் கனடாச் சிற்றிசன். ஆனாலும் துணைக்கு.

அன்ரி மூச்சு வாங்க வந்தார். "தம்பி, பயப்பிடாதையும். உந்த ஆள் ரிக்கற்றைத் தவிர ஒண்டும் கேக்கேல்லை. நான் உம்மடையையும் சேர்த்துக் காட்டினனான்."

இரத்தினவேலின் நெஞ்சு ஒரு கணம் இளகியது. மாஸ்ரர் விடுவாரா?

"உதுதான் அமெரிக்கன் தந்திரம். உள்ள வரேக்க சிரிச்சுக்கொண்டு ரிக்கற் கேப்பான். வெளிய போகேக்கதான் பாஸ்போர்ட்."

"நீர் எத்தினை தரம் அமெரிக்கா போனனீர் மாஸ்ரர்?"

"போக வேண்டிய அவசியம் இல்லை அன்ரி. படிப்பிச்சனான்."

அப்போது அலெக்ஸாண்டர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு வந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குலம் உண்டாம், இந்தச் சிவப்பும் பச்சையும் எந்தக் குலம் என்று அன்ரி மூலம் கேட்டார். "பளையகாட்" என்றார் இரத்தினவேல். கிழவர் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். அந்தக் குலத்தவர் இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று கேட்டார்.

"கோடிக்கணக்கா இருக்கினம் எண்டு சொல்லுங்கோ அன்ரி" என்றார் நானா.

கிழவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பதினொரு பேர் ஊர்க்காரருக்கு அது தாங்கக்கூடிய செய்தியாக இல்லை.

அவர் நகர்ந்த இடைவெளியில்தான் அது தெரிந்தது. முற்றத்தின் அந்தப் பக்கத்திலிருந்து தொப்பிக்காரன் வந்துகொண்டிருந்தான். அங்கே இங்கே பார்க்கவில்லை. நேரே இரத்தினவேலை நோக்கி, எண்ணி வைத்தது போன்ற நடை. கையில் ஒரு காகிதம், நாலாக மடித்தது, ஓரம் நனைந்தது.

இரத்தினவேலுக்கு அந்தக் காகிதத்தைத் தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது. அவருடைய படம் ஒட்டிய அகதிக் கோரிக்கைக் காகிதம். காற்சட்டைப் பின்பொக்கெற்றில் இருந்தது, கக்கத்தில் இடுக்கியபோது விழுந்திருக்கிறது. லோயரின் இரண்டாவது கட்டளையும் போனது.

அதிகாரி நின்றான். காகிதத்தை விரித்தான். படத்தைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மீண்டும் படம், மீண்டும் முகம். உதடு அசைய 'இ-ரத்-தின-வேல்' என்று கல் உடைப்பதுபோல வாசித்தான். இரத்தினவேல் இரண்டு கையையும் மேலே தூக்கினார். ஊரில் பழகிய பழக்கம், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முஹம்மது நானாவும் தூக்கினார். நானாவைப் பார்த்து மாஸ்ரரும் தூக்கினார்.

அதிகாரி மூவரையும் ஒரு முறை பார்த்தான். காகிதத்தை மடித்து, இரத்தினவேலின் ஜாக்கெற் பொக்கெற்றுக்குள் பத்திரமாக வைத்து, பொத்தானையும் பூட்டிவிட்டான். தட்டத்திலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு போனான்.

"பெயரைப் பாடமாக்கிட்டான்" என்றார் மாஸ்ரர், கை இன்னும் மேலே. "இனி கொம்பியூட்டரில அடிப்பான். அங்க அடிச்சா இஞ்சை தெரியும்."

திரும்பும் படகு வந்தபோது அலெக்ஸாண்டர் எல்லாரையும் கோட்டைக்கு முன் நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்றார். அவருடைய கமெராவில் நானா எடுத்தார். சரியாக அந்த நேரம் எங்கிருந்தோ காற்று எழும்பியது. சாறத்தைப் பிடிப்பதா தட்டத்தைப் பிடிப்பதா என்று இரத்தினவேல் தவித்தார். ஒருவரும் வேறு எதையும் பார்க்கவில்லை. வெளியே போகும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. மாஸ்ரர் அதையும் ஒரு கெட்ட சகுனம் என்றார். படகில் இரத்தினவேல் ஒரு ஆணியைப்போல முன்பக்கமே பார்த்து நின்றார். சிவப்பு மிதவை கடந்தபோது குனிந்து ஏரித்தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்தார்.

அன்றைக்கும் திங்களும் அவர் சாப்பிடவில்லை. "வாயைத் திறவாதையும். கேட்டா இல்லையெண்டு சொல்லும்" என்றார் மாஸ்ரர். "பொய் சொல்லிப் பிடிபட்டா?" என்றார் நானா. அன்ரி அந்தோனியாருக்கு நேர்ந்தார். அமெரிக்காவின் கொம்பியூட்டருக்குள் தன் பெயர் கிடந்து மினுங்குவதை இரத்தினவேல் கண்ணால் கண்டுகொண்டிருந்தார். அவர்கள் சொல்லுமுன் நான் சொன்னால் பிழைக்க ஒரு வழி இருக்கலாம். அவர்கள் சொன்னபிறகு என்றால் பேபிக்கு நான் என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை. நீளமான மேசை. அந்தப் பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு அம்மா, சிரிப்பு என்பதையே கேள்விப்படாத முகம். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், மிசிசாகாவிலிருந்து வருகிற பிரியந்தன் என்ற இளைஞர். இரண்டு மணி நேரம் ஊரையும் ஷெல்லையும் முகாமையும் பற்றிக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இரத்தினவேல் பதில் சொன்னார். கடைசியாக அம்மா, வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

லோயர் இல்லை என்று தலையாட்ட முன்னரே இரத்தினவேல் எழும்பி நின்றுவிட்டார்.

"நான் ஞாயிற்றுக்கிழமை நாப்பது நிமிசம் அமெரிக்காவில இருந்தனான்."

லோயரின் பேனா நிலத்தில் விழுந்தது. பிரியந்தன் மெல்லக் குனிந்தார். "அண்ணை, உதைச் சொல்லத்தான் வேணுமோ?"

"சொல்லுங்கோ தம்பி. ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

ஊரின் பெயரைச் சொன்னார். படகு, மிதவை, கழிப்பறை, சாறம், தட்டம், சலூட், ஸ்காபரோப் பை, கல் உடைத்த மாதிரி வாசித்த தொப்பிக்காரன், எல்லாம் சொன்னார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு காலடி, எண்ணியது என்றார். "குற்றம் என்ரை. மனிசியும் பிள்ளையும் ஒரு காலடியும் வைக்கேல்லை. அவையளைத் தண்டிக்காதேங்கோ" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. பிரியந்தனின் குரலும் அதே இடத்தில் இங்கிலீசில் உடைந்தது.

அம்மா ஊரின் பெயரைத் திருப்பிக் கேட்டார். எழுதிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். வாயைக் கையால் பொத்தினார். தோள் இரண்டும் குலுங்கின. எழும்பி வெளியே போய்விட்டார். கதவுக்கு அப்பால் ஐந்து நிமிடம் இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்து, முகம் கழுவியிருந்தது. உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, கோரிக்கையை ஏற்றுக்கொள்வதாக ஒரே வசனத்தில் சொல்லி மூடினார்.

"அழுதிட்டா" என்று அன்று பின்னேரம் இரத்தினவேல் எல்லாருக்கும் சொன்னார். "வெள்ளைக்காரி எண்டாலும் பிள்ளை பெத்த மனம்."

பேபியும் நிலாணியும் 1996ஆம் ஆண்டு மார்ச்சில் வந்து இறங்கினார்கள். விமானநிலையத்துக்கு அதே வான்தான் போனது. நிலாணி தாயின் காதளவுக்கு உயர்ந்திருந்தாள். அன்ரி கொண்டுபோன ரோல்ஸ் பெட்டியில் வீடு வந்துசேர்வதற்குள் ஒன்றும் மிஞ்சவில்லை.

கிளென்ஓரனிலிருந்து அலெக்ஸாண்டர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பியிருந்தார், பின்பக்கத்தில் 'பளையகாட் குலத்தின் தலைவருக்கு' என்று எழுதி. இன்றைக்கும் அது மோர்னிங்சைட் வீட்டின் வரவேற்பறையில் தொங்குகிறது. இருபது பேர் நடுவில் சாறத்தோடும் தட்டத்தோடும் செத்த முகமாக இரத்தினவேல். பின்னால் அமெரிக்கக் கோட்டை. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் மாஸ்ரர் அந்தப் படத்தைக் காட்டி, எல்லைக்கோடு எதால் போகிறது என்று விரலால் கீறி விளங்கப்படுத்துவார்.

படத்தில், கோட்டை உச்சியில், காற்றுக்கு நன்றாக விரிந்து நிற்கிற கொடியின் நடுவில் இருப்பது கனடாவின் மேப்பிள் இலை.